வெந்நீரின் வழியை முதலில் வரையுங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் அதனுடன் வைத்திருந்த இரு தளங்களின் வரைபடமும் கிடைத்தன. நீங்கள், உங்கள் துணைவியார், பிள்ளைகள் இருவர், மூட்டுவலியால் காலையில் வெந்நீர் இல்லாமல் இயலாத உங்கள் தாயார் என ஐவர் வாழப்போகும் வீடு அது. கோடை கடுமையாகவும், குளிர்காலம் நீர் உறையாத அளவுக்குக் குளிராகவும் இருக்கும் ஊர் என்றும், மேற்கே சாலை என்றும், ஆழ்துளைக் கிணற்று நீர் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மாதத்தில் அடித்தளம் தோண்டப்போவதாகவும், வீடு முடிந்தபின் 300 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலன் ஒன்றை மாடிப்படி அறையின் கூரையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கப்போவதாகவும் சொல்லி, மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். தட்டையான பேனல் நல்லதா, வெற்றிடக் கண்ணாடிக் குழாய் நல்லதா? 300 லிட்டர் போதுமா? மின்செலவு குறைய வரைபடத்தில் வேறு என்ன செய்யலாம்?

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நான்காவதாக ஒன்றை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், அதையே முதலில் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். கலனிலிருந்து குளியலறைக்கு வெந்நீர் எந்த வழியாக, எவ்வளவு தூரம் நடந்து வரப்போகிறது? வீட்டைக் கட்டி முடித்துவிட்டுக் கடையில் வாங்கி மாட்டும் பொருளாகவே சூரிய வெந்நீர்க் கலனைப் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது அப்படிப்பட்ட பொருள் அன்று. மாடிப்படியைப் போல, சமையலறையைப் போல, வரைபடத்தில் தனக்கென்று ஓர் இடம் கேட்கும் பகுதி. அந்த இடத்தை இப்போது கொடுத்தால் ஒரு பென்சில் கோடு மட்டுமே செலவு. பிறகு கொடுப்பதென்றால் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் வரைபடத்தில் மூன்று குளியலறைகளும் வீட்டின் மூன்று மூலைகளில் இருக்கின்றன. வெந்நீர்த் தொட்டி நான்காவது மூலைக்கு மேலே. அளவுகோலை வைத்துப் பார்த்தேன்: தொட்டியிலிருந்து தரைத்தளத்தில் உங்கள் தாயாரின் குளியலறைக்குக் குழாய் ஏறக்குறைய 22 மீட்டர் செல்கிறது. வீட்டில் வெந்நீர் யாருக்கு மிகவும் தேவையோ, அவருக்கே அது கடைசியாக வந்து சேரும்படி அமைந்துவிட்டது. 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் ஒரு மீட்டருக்கு 314 மில்லிலிட்டர் நீரைக் கொள்ளும். அப்படியானால் 22 மீட்டரில் தேங்கி ஆறிக் கிடக்கும் ஏறத்தாழ 7 லிட்டர் நீர் வெளியேறிய பிறகுதான் அவருடைய கைக்குச் சூடு எட்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் வரும் டேப்பில் அது ஒரு நிமிடத்துக்கும் மேலான காத்திருப்பு, ஒவ்வொரு முறையும் சாக்கடைக்குப் போகும் 7 லிட்டர் நிலத்தடி நீர்.

இழப்பு அத்துடன் முடியவில்லை. டேப்பை மூடியதும் அதே 7 லிட்டர் வெந்நீர் குழாயிலேயே தங்கி, சுவருக்குள் ஆறிப்போகிறது. மூன்று குளியலறைகளுக்கும் சமையலறைக்குமாகச் சராசரி 5 லிட்டர் என்றும், நாளுக்கு எட்டு முறை திறப்பதாகவும் வைத்துக்கொண்டால், தொட்டியில் பகல் முழுவதும் சூடேறிய நீரில் 40 லிட்டர் யாருடைய உடம்பையும் தொடாமல் வீணாகும். வெப்பக் கணக்கில் அது ஒன்றரை யூனிட்டுக்கு மேல். உங்கள் குடும்பத்தின் ஒரு நாள் வெந்நீர்த் தேவையே குளிர்காலத்தில் 8 யூனிட் அளவுதான் என்பதைக் கீழே காட்டுகிறேன். ஐந்தில் ஒரு பங்கைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, எந்த வகைக் கலன் ஓரிரு சதவீதம் கூடுதலாகச் சூடாக்கும் என்று ஆராய்வதில் பயனில்லை.

இனி உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் அதற்கான விடையும் இந்தக் குழாய் வழியும் ஒன்றோடொன்று பின்னியவை.

வரைபடத்தில் வரவேற்பறை சாலையைப் பார்த்து மேற்கே இருக்கிறது. 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள கண்ணாடிச் சன்னல் ஒன்று அதற்கு இருக்கிறது. கோடைப் பிற்பகலில் சூரியன் இறங்கும்போது மேற்குப் பார்த்த செங்குத்துப் பரப்பில் சதுர மீட்டருக்கு 600 வாட் அளவில் வெயில் விழும். சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். ஆறு சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 3 கிலோவாட். அதாவது கோடை மாலையில், எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில், 1500 வாட் ஹீட்டர் இரண்டை வரவேற்பறையில் ஓடவிடுவதற்குச் சமம். அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏ.சி. உழைக்க வேண்டும். சன்னலுக்கு மேலே சன்ஷேடு போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது மேற்கில் பயன்படாது. அந்த நேரத்துச் சூரியன் தாழ்வாக, நேருக்கு நேராக வரும். கிடைமட்டமான நிழல்தட்டுக்குக் கீழே புகுந்துவிடும். மேற்கு வெயிலைத் தடுப்பவை செங்குத்தான மறைப்புகள், ஆழமான தாழ்வாரம், மரம், அல்லது மனிதர் நெடுநேரம் தங்காத அறைகள்.

அந்தக் கடைசி வகையில்தான் உங்கள் வீட்டுக்கான வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். மூன்று குளியலறைகளையும் மேற்குச் சுவரோரம் கொண்டுவந்து, தாயாரின் குளியலறைக்கு நேர் மேலே மாடிக் குளியலறை ஒன்றும், அதை ஒட்டி மற்றொன்றும் வருமாறு அடுக்குங்கள். சமையலறையின் பாத்திரம் கழுவும் தொட்டி கீழே இதே சுவரின் மறுபுறம் வரட்டும். துணி அலமாரிகளும் பொருட்கள் வைக்கும் அறையும் மேற்குச் சுவரின் மிச்ச நீளத்தை எடுத்துக்கொள்ளட்டும். அப்போது படுக்கையறைக்கும் மேற்கு வெயிலுக்கும் இடையில் ஒரு குளியலறை காப்பாக நிற்கும்; வெயில் பட்ட சுவரால் குளியலறை சீக்கிரம் உலரும்; வெந்நீர்த் தொட்டியை அந்த அடுக்குக்கு நேர் மேலே தளத்தில் வைத்தால், மிகத் தொலைவான டேப்புக்கும் 9 மீட்டருக்கு மேல் குழாய் தேவைப்படாது. இவ்வளவு குறுகிய தூரத்துக்கு 15 மில்லிமீட்டர் குழாய் போதும். அதில் 9 மீட்டருக்கு 1.6 லிட்டர்தான் தேங்கும். ஏழு லிட்டர் எங்கே, ஒன்றரை லிட்டர் எங்கே!

வீட்டின் முகப்பில் குளியலறை வருவதா என்று நீங்கள் தயங்குவீர்கள். நியாயமான தயக்கம், என்னிடம் வந்த குடும்பங்களில் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். வாசலையும் அதற்கு முன்னால் ஆழமான தாழ்வாரத்தையும் மேற்குச் சுவரின் ஒரு பக்கத்தில் வைத்து, குளியலறை அடுக்கை மறுபக்கத்தில் வைத்தால், சாலையிலிருந்து பார்ப்பவர்க்கு உயரத்தில் சிறு சன்னல்கள் உள்ள ஒரு திண்மையான சுவர் மட்டுமே தெரியும். கழிவுக் குழாய்கள் வெளியே தெரியாமல், பழுது பார்க்கக் கதவு வைத்த ஒரு குழாய்க்கூட்டுக்குள் இறங்கட்டும். அழகைக் கெடுப்பது பெரும்பாலும் முகப்பில் தொங்கும் குழாய்களே.

வரவேற்பறையையும் தாயாரின் அறையையும் நண்பகல் வெயில் வரும் பக்கத்துக்கு, அதாவது பூமத்திய ரேகை இருக்கும் திசைக்குத் திருப்புங்கள். அந்தப் பக்கத்தில் சன்ஷேடு தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். 30 டிகிரி அட்சரேகையில் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், கோடையின் உச்ச நாளில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 83.5 டிகிரி உயரத்திலும், குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலில் 36.5 டிகிரி உயரத்திலும் நிற்கும். சன்னலின் மேல் விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டர் நீளும் சன்ஷேடு, 1.2 மீட்டர் உயரமுள்ள சன்னலுக்குக் கோடை நண்பகலில் முழு நிழல் தரும். குளிர்காலத்தில் மேலே 44 சென்டிமீட்டரை மட்டும் மறைத்து, மிச்சத்தில் வெயிலை உள்ளே விடும். தாயாரின் கட்டில் அந்த வெயில் விழும் இடத்தில் இருந்தால் காலை நேரத்து விறைப்பு சற்றுக் குறையும். உங்கள் ஊரின் அட்சரேகையைப் பொறியாளரிடம் சொல்லி, சன்ஷேடின் நீளத்தை இதே முறையில் கணக்கிடச் சொல்லுங்கள். எல்லாச் சன்னலுக்கும் ஒரே அளவு என்ற வழக்கத்தை ஏற்காதீர்கள்.

கூரையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. கோடையில் வீட்டின் மற்ற எந்தப் பரப்பையும்விட அதிக வெயில் வாங்குவது மேல்தளம்தான். பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் படுக்கையறைக்குள் இறக்குவதும் அதுவே. கான்கிரீட் தளத்தின் மேல், நீர்க்காப்புப் பூச்சுக்குப் பிறகு, 5 சென்டிமீட்டர் கனமுள்ள அழுத்தமான நுரைப் பலகையைப் பரப்பி, அதன்மேல் வெளிர்நிற ஓடு பதியுங்கள். அந்த 5 சென்டிமீட்டர் நுரை, வெப்பத்தைத் தடுப்பதில் இரண்டரை மீட்டர் கனமுள்ள கான்கிரீட்டுக்கு நிகரானது. சிலர் தளத்தின் அடிப்புறத்தில், பால்ஸ் சீலிங்குக்கு மேல் காப்பு வைப்பார்கள். இல்லாததற்கு அது மேல்தான், ஆனால் தளம் முழுவதும் வெயிலில் விரிந்து சுருங்கி விரிசல் விடுவதை அது தடுக்காது. இரவுக் காற்றால் குளிர்ந்த கான்கிரீட்டின் குளிர்ச்சியைப் பகலில் அறைக்குப் பயன்படுத்திக்கொள்ளவும் முடியாது. மாடிப்படி அறையின் உச்சியில் திறந்து மூடக்கூடிய சன்னல்கள் வையுங்கள். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகு, இரவில் அவற்றைத் திறந்தால் சூடான காற்று அந்த வழியாக மேலேறி வெளியேறும். பகலில் மூடி வையுங்கள். ஏ.சி. எத்தனை டன் என்று இவற்றையெல்லாம் முடிவு செய்தபின் கணக்கிடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

தேவையைக் குறைத்துவிட்டுப் பிறகு கருவி வாங்குவது புதிய கருத்து அன்று. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் கட்டி முடிக்கப்பட்ட முதல் ‘பாசிவ் ஹவுஸ்’ வீடுகள், சுவர், கூரை, சன்னல் ஆகியவற்றின் காப்பை முதலில் செம்மையாக்கி, கடுங்குளிர் நாட்டிலேயே அறையைச் சூடாக்கும் செலவை மிகச் சிறிதாக்கிக் காட்டின. குளிருக்குச் செய்த அதே ஒழுங்கு வெயிலுக்கும் பொருந்தும்.

இப்போது கலனின் அளவு. ஒரு யூனிட் மின்சாரத்தின் ஆற்றல் 860 லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்கும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவற்றை நீங்களே கணக்கிடலாம். ஐவரின் குளியலுக்கும் சமையலறைக்குமாகக் குளிர்காலத்தில் நாளுக்கு 40 டிகிரி சூட்டில் 250 லிட்டர் தேவை என்று கொள்வோம். தண்ணீர் 15 டிகிரியில் வந்தால், 250 லிட்டரை 25 டிகிரி உயர்த்த 7 யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். இழப்பைச் சேர்த்தால் 8. தொட்டியில் நீர் 60 டிகிரியில் இருந்தால், குளிர்ந்த நீர் கலந்து இந்த 250 லிட்டரைப் பெறத் தொட்டியிலிருந்து 139 லிட்டர் எடுத்தால் போதும். வெயில் மங்கிய நாளில் தொட்டி 45 டிகிரிதான் எட்டியது என்றால் 208 லிட்டர் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே 200 லிட்டர் தொட்டி உங்களுக்குச் சரியானது. பெரிய தொட்டி வாங்கினால் வெந்நீர் அதிகம் கிடைக்கும் என்பது தவறான எண்ணம். சூடாக்கும் பரப்பு அதே அளவாக இருந்தால், 300 லிட்டர் தொட்டியில் அதே வெப்பம் அதிக நீரில் பரவி, வெதுவெதுப்பான நீரே மிஞ்சும். நல்ல வெயில் நாளில் சாய்த்து வைத்த ஒரு சதுர மீட்டர் பேனலில் 5 யூனிட் அளவு ஆற்றல் விழுந்து, அதில் பாதி நீருக்குச் சேரும். 8 யூனிட்டுக்கு 3.2 சதுர மீட்டர் போதும் என்று கணக்குச் சொன்னாலும், மங்கிய நாட்களையும் தூசியையும் எண்ணி, 2 சதுர மீட்டர் பேனல்கள் இரண்டு வையுங்கள்.

வகையைப் பொறுத்தவரை, உங்கள் தண்ணீர்தான் முடிவு செய்ய வேண்டும். தட்டையான பேனலுக்குள் மெல்லிய செப்புக் குழாய்கள் ஓடுகின்றன; கடினநீர் சூடேறும்போது சுண்ணாம்பு அவற்றின் உட்சுவரில் படிந்து, சில ஆண்டுகளில் ஓட்டத்தையே அடைத்துவிடும். வெற்றிடக் குழாயின் உள்வாய் அகலமானது. படிவு அடியில் சேர்ந்தாலும் கழற்றிக் கழுவலாம். குளிரிலும் காற்றிலும் அது வெப்பத்தை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் அதற்கும் குறைகள் உண்டு. ஒரு குழாய் உடைந்தால் தொட்டி நீர் முழுவதும் வழிந்துவிடும். கோடையில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் வெளியூர் போனால் நீர் கொதிநிலை வரை சூடேறும். முதலில் நீரின் கடினத்தன்மையை ஆய்வுக்கூடத்தில் சோதியுங்கள். லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் தட்டையான பேனலைத் தயங்காமல் வாங்கலாம். கண்ணாடி உறுதியானது, நெடுங்காலம் உழைக்கும். அதற்கு மேலென்றால், பேனலுக்குள் ஒரு மூடிய சுற்றில் தனி நீர் ஓடி, தொட்டியைச் சூழ்ந்த உறை வழியாக உங்கள் நீரைச் சூடாக்கும் அமைப்பைக் கேளுங்கள். என் முதல் தேர்வு அதுதான். அது கிடைக்காவிட்டால் வெற்றிடக் குழாய். எதுவானாலும், தொட்டிக்குள் இருக்கும் மக்னீசிய அனோடு கம்பி கரைந்துபோகும் பொருள் என்பதை மறவாமல், ஆண்டுக்கொரு முறை திறந்து பார்த்து மாற்றுங்கள். தொட்டியின் உலோகத்துக்குப் பதிலாக அந்தக் கம்பி அரிக்கப்படுகிறது. அது தீர்ந்தபின் அரிப்பு தொட்டியின்மேல் திரும்பும்.

வைக்கும் இடத்தில் உங்கள் திட்டத்தில் ஒரு பிழை இருக்கிறது. பம்பு எதுவும் இல்லாமல், சூடான நீர் இலேசாகி மேலே ஏறுவதும் குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்குவதுமாகவே இந்த அமைப்பு இயங்குகிறது. அதனால் தட்டையான பேனலின் மேல் விளிம்பைவிட வெந்நீர்த் தொட்டியின் அடி 30 சென்டிமீட்டராவது உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் ஓட்டம் திரும்பி, தொட்டியின் வெப்பத்தைப் பேனல் வானத்துக்குக் கொடுத்துவிடும். வெந்நீர்த் தொட்டியின் தலையைவிடக் குளிர்நீர்த் தொட்டியின் அடி உயரமாக இருக்க வேண்டும். நீங்கள் சொன்னபடி இரண்டையும் ஒரே கூரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், குளிர்நீர்த் தொட்டியில் மட்டம் இறங்கும்போதெல்லாம் வெந்நீர்த் தொட்டி நிரம்பாது. குழாயைத் திறந்தால் காற்று வரும். எனவே குளிர்நீர்த் தொட்டி மாடிப்படி அறையின் கூரையில் இருக்கட்டும். வெந்நீர்த் தொட்டியும் பேனலும் கீழே மொட்டை மாடியில், குளியலறை அடுக்குக்கு மேலே வரட்டும். மாடிப்படி அறையின் நிழல் பேனல்மேல் விழாதபடி, நண்பகல் வெயில் வரும் பக்கத்தில் பேனல் முன்னாலும் அந்த அறை பின்னாலும் இருக்குமாறு இடம் பாருங்கள். காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை, குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலிலும், பேனலில் நிழல் விழக்கூடாது. பேனலின் சாய்வு உங்கள் ஊர் அட்சரேகையின் அளவோடு 10 அல்லது 15 டிகிரி கூட்டியதாக இருக்கட்டும். கோடையில் கொஞ்சம் குறைந்தாலும், வெந்நீர் உண்மையில் வேண்டிய குளிர்காலத்தில் அதிகம் கிடைக்கும். திசை 15 டிகிரி இப்படி அப்படி இருந்தால் கவலை வேண்டாம்.

தளத்துக்குக் கான்கிரீட் போடும்போதே கலனின் கால்கள் நிற்கச் சிறு கான்கிரீட் மேடைகளை எழுப்பிவிடுங்கள். நீர் மட்டும் 200 கிலோ. தொட்டி, பேனல், தாங்கும் சட்டம் ஆகியவை தனி. அந்த எடையையும், புயலில் பேனலைத் தூக்கப் பார்க்கும் காற்றையும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கில் சேர்க்க வேண்டும். நான் தொழிலுக்கு வந்த தொடக்கத்தில் ஒரு வீட்டில் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கலனைப் பொருத்த வந்தவர்கள் நீர்க்காப்புப் பூச்சின் வழியே துளையிட்டு போல்ட் இறக்கினார்கள். அடுத்த மழையில் அந்தக் குடும்பத்தின் படுக்கையறை ஒழுகியது. அது என் பொறுப்பு, அவர்களுடையது அன்று. அன்றிலிருந்து வரைபடத்தில் நான்கு மேடைகளையும் குறிக்காமல் நான் கையெழுத்திடுவதில்லை.

குழாய்களில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண பி.வி.சி. குழாய் 60 டிகிரிக்கு மேல் நெகிழும்; வெந்நீருக்குச் சி.பி.வி.சி. அல்லது அதற்கென்றே செய்த கூட்டுக்குழாய் வேண்டும். தொட்டியை ஒட்டிய முதல் ஓரிரு மீட்டருக்கு உலோகமே நல்லது. தளத்தின்மேல் வெயிலில் ஓடும் பகுதிக்கும் சுவருக்குள் போகும் பகுதிக்கும் நுரை உறை போட்டு, சுவரை மூடுமுன் உங்கள் கண்ணால் பார்த்துப் படமெடுத்து வையுங்கள். தொட்டியின் மேலிருந்து எழும் காற்றுக்குழாய் குளிர்நீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாகத் திறந்தே இருக்க வேண்டும். அதில் வால்வு போட எவரையும் அனுமதிக்காதீர்கள், அது நீராவியும் அழுத்தமும் வெளியேறும் ஒரே வழி. ஷவருக்கு அழுத்தம் போதவில்லை என்று குளிர்நீர் வழியில் மட்டும் பம்பு வைப்பது இன்னொரு பரவலான தவறு. 10 மீட்டர் உயர நீர் ஒரு பார் அழுத்தம் தரும். மாடிக் குளியலறையில் உங்களுக்கு 3 மீட்டர்தான் கிடைக்கும். அதற்காகக் குளிர்நீரை மட்டும் பம்பு தள்ளினால், வெந்நீரும் குளிர்நீரும் கலக்கும் மிக்சர் டேப்பில் அது வெந்நீர்க் குழாய்க்குள் ஏறி, தொட்டிவரை திரும்பிச் சென்று சூட்டைக் கெடுக்கும். குறைந்த அழுத்தத்தில் இயங்கும் ஷவர்முகம் வாங்குவது எளிது. பம்பு வேண்டும் என்றால் அதைத் தாங்கும் வகைத் தொட்டியுடன் இரு வழிகளுக்கும் சேர்த்து இப்போதே திட்டமிடுங்கள்.

மூன்று குளியலறைகளிலும் மூன்று கீசர் என்று எழுதியிருந்தீர்கள். ஒன்று போதும், தாயாரின் குளியலறையில். சூரியக் கலனிலிருந்து வரும் நீரையே உள்ளே வாங்கி, குறையும் சூட்டை மட்டும் கூட்டும் சிறு கீசர். சூடான நீரை உள்ளே ஏற்கத் தகுந்ததா என்று வாங்கும்போது எழுத்தில் கேளுங்கள். கலனுக்குள்ளேயே நீரைச் சூடாக்கும் மின்கம்பி வைத்துத் தருவார்கள். அதை ஒருபோதும் தானாக இயங்கும்படி விடாதீர்கள். காலையில் நீங்கள் குளித்ததும் குளிர்நீர் உள்ளே வரும், தெர்மோஸ்டாட் உடனே மின்கம்பியை இயக்கும், வெயில் ஏறும்போது நீர் ஏற்கெனவே சூடாக இருக்கும். சூரியனுக்கு வேலையே இராது. கையால் போடும் சுவிட்சும், மாலையில் மட்டும் அனுமதிக்கும் டைமரும் இருக்கட்டும்.

அமெரிக்காவின் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் 1891இல் காப்புரிமை பெற்ற சூரிய வெந்நீர்க் கலனில், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் தொட்டியே வெயிலில் கிடந்தது. மாலையில் நீர் சூடாக இருக்கும், விடியும்போது ஆறிவிடும். வில்லியம் பெய்லி 1909இல் சூடாக்கும் பகுதியையும் சேமிக்கும் தொட்டியையும் பிரித்து, தொட்டிக்குக் காப்பு உறை போட்ட பிறகே காலையில் வெந்நீர் கிடைத்தது. உங்கள் தாயாரின் தேவை அந்தக் காலை வெந்நீர்தான். ஆகவே தொட்டியின் காப்பு உறை எவ்வளவு கனம், ஓரிரவில் எத்தனை டிகிரி இறங்கும் என்பதை விற்பவரிடம் விளம்பரத் தாளில் இருக்கும் வேறெதையும்விட முதலில் கேளுங்கள். பிள்ளைகள் மாலையில் குளித்தால் புகும் குளிர்நீர் அடியில் தங்கும், ஆனால் படுத்த நிலையில் இருக்கும் உருளைத் தொட்டியில் அது சீக்கிரம் கலந்துவிடும். நிமிர்ந்த தொட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பாதுகாப்பில் இரண்டு சொல்ல வேண்டும். வெதுவெதுப்பான நீரில், 20 முதல் 45 டிகிரிக்குள், லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகும். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய நுரையீரல் நோயைத் தொடர்ந்து அடையாளம் காணப்பட்டது அது, முதியவர்களுக்கு ஆபத்தானது. மேகமூட்டம் பல நாள் நீடித்துத் தொட்டி வெதுவெதுப்பிலேயே கிடந்தால், மின்கம்பியால் வாரத்துக்கு ஒரு முறையாவது 60 டிகிரிக்கு ஏற்றுங்கள். மறுபுறம், 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கும். அதனால் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், சூட்டை 45 டிகிரிக்குக் கட்டுப்படுத்தித் தானே குளிர்நீர் கலக்கும் வால்வு ஒன்றை அவசியம் பொருத்துங்கள். முதியவரும் சிறுவர்களும் உள்ள வீட்டில் இதை நான் விருப்பத் தேர்வாகக் கருதுவதில்லை.

கூரையில் நிழலில்லாத இடம் 4 சதுர மீட்டர்கூடக் கிடைக்காது என்று தெரியவந்தால் மட்டும் வேறு வழியை எண்ணுங்கள். சூரிய மின்தகட்டையும் ஹீட் பம்பையும் சேர்த்து வைப்பதுதான் அந்த வழி. மின்தகடு அதே பரப்பில் நாளுக்கு 3 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் மின்சாரம் தரும், ஆனால் காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்கும் ஹீட் பம்பு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று மடங்கு வெப்பம் தரக்கூடியது. ஆக, வெந்நீர்க் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். தகடுகளைச் சற்றுத் தள்ளி, நிழலில்லாத இடம் பார்த்து வைக்கலாம் என்பதும், மிஞ்சும் மின்சாரம் வேறு வேலைக்கு ஆகும் என்பதும் அதன் வசதி. பழுதாகக்கூடிய இயங்கு பாகங்கள் இருப்பது அதன் குறை. இடம் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு, பம்பே இல்லாத எளிய கலனைத்தான் நான் சொல்வேன்.

அடுத்த முறை பொறியாளரைச் சந்திக்கும்போது, குளியலறைகளை மேற்குச் சுவரில் அடுக்கிய புதிய வரைபடத்தைக் கேளுங்கள். தொட்டியிலிருந்து ஒவ்வொரு டேப்புக்கும் குழாயின் நீளத்தை மீட்டரில் அதில் எழுதச் சொல்லுங்கள். கலனின் நான்கு மேடைகளும் குளிர்நீர்த் தொட்டியின் உயரமும் குறிக்கப்பட்டிருக்கட்டும். தண்ணீர்ச் சோதனையின் முடிவையும் சேர்த்து அனுப்பினால், அடித்தளம் தோண்டுமுன் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
கட்டடக் கலைஞர்